பாவடியில் கிடந்த சொற்கள்

காவிரிக்கரைத் தமிழ்: தொடர் – 17

பாவு காய வெயில் வேண்டும். ஆனால் கஞ்சி போடும்போது வெயில் ஏறியிருக்கக் கூடாது. அதனால் குமாரபாளையத்தில் பாவு போடும் இடங்களான பாவடிகளில் ஒரு காலத்தில் கோழி கூவுவதற்கு முன்பே ஆள் சத்தம் கேட்கும். தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அரிசிக் கஞ்சியைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். அறுந்த இழையை நின்ற இடத்திலேயே முடிந்துவிட்டு நகர்வார்கள். வீட்டுப் பெண்கள் திண்ணையில் தார் சுற்றுவார்கள். வெயில் சுள்ளென்று விழும் நேரத்தில் பாவு காய்ந்து, சுருண்டு, தறிக்குப் போய்விடும்.

இந்தத் தொடருக்காகத் தறிச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வேலை பார்த்துத் தேய்ந்த கை உடைய பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்திருந்தேன். பாவு, ஊடை, விழுது, அச்சு, தார், படைமரம், மிதி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். விசைத்தறி ஓட்டும் அவருடைய பேரன் பக்கத்தில் இருந்தான். “தாத்தா, பாவுன்னா வார்ப்பு, ஊடைன்னா வெஃப்ட்டு. அப்படிச் சொன்னாத்தான் இவங்களுக்குப் புரியும்” என்றான். பெரியவர் அவனைக் கோபிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: “அது பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கற பேருங்க. தறிக்கு அந்தப் பேரு தெரியாதுங்க.”

அன்று இரவு எனக்கு மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் நினைவுதான். தனித்தமிழ் என்றதும் புத்தகப் பூச்சி ஒருவரும், அவர் பேசும் புரியாத சொல்லும் பலருடைய மனக்கண்ணில் வருகின்றன. இந்தச் சமவெளியில் தனித்தமிழை வளர்த்தவர் அப்படிப்பட்டவர் அல்லர். நெசவாளர், உழவர், தச்சர் வாயில் கிடந்த சொற்களைப் பொறுக்கி எடுத்து, இவைதாம் தமிழின் முதல் சொத்து என்று வாதாடியவர் அவர். சேலத்தில் அவர் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளே இந்த இதழின் கதை.

சென்ற இதழை 1916இல் நிறுத்தியிருந்தேன். அந்த ஓர் ஆண்டில் தமிழ்ச் சொல்லாக்கம் இரண்டு ஊர்களில் இரண்டு வழியாகப் பிரிந்தது. சேலத்தில் வக்கீல் சி. இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து, அறிவியல் பாடங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கென்று பத்திரிகையும் நடத்தினார்கள். பாரதி இந்த முயற்சியைக் கவனித்து எழுதினார். தாவரம், இரசாயனம், பௌதிகம், வானநூல், கணிதம் எல்லாவற்றுக்கும் தமிழில் பாடம் சொல்ல முடியும் என்று அவர்கள் நம்பியது பெரிய விஷயம். சொல் கிடைக்காத இடத்தில் வடமொழியிலிருந்து எடுத்துக்கொள்வதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. இராஜாஜி என்று பெயர்பெற்ற அந்த வக்கீல் பிற்காலத்தில் எளிய மக்களுக்காக எழுதிய அறிவியல் நூலின் பெயரே ‘திண்ணை ரசாயனம்’. பெயரின் முதல் பாதி நம் வீட்டு முகப்பு, மறு பாதி வடமொழி. அந்தச் சேலத்துச் சங்கத்தின் வழி முழுவதும் அந்தப் பெயரில் இருக்கிறது.

அதே 1916இல் பல்லாவரத்தில் நடந்தது வேறு. சுவாமி வேதாசலம் வள்ளலாரின் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வரும் இடத்தில் ‘யாக்கை’ என்று இருந்தால் ஓசை இன்னும் இனிக்குமே என்று மகள் நீலாம்பிகையிடம் சொன்னார். பதின்மூன்று வயதுப் பெண். அப்படியானால் நாம் ஏன் இனிமேல் பிற சொல் கலக்காமலே பேசி எழுதக் கூடாது என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தொடங்கியது தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அவருடைய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. கேள்வி கேட்ட பெண் வளர்ந்து 1937இல் ‘வடசொல் தமிழ் அகரவரிசை’ வெளியிட்டார். தமிழில் புழங்கும் வடசொல் ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச் சொல்லைத் தரும் நூல் அது.

இது புலவர்களின் பொழுதுபோக்கு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் அன்றைய தெருவை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அப்போது கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று பெயர். அதன் தலைவர் ‘அக்கிராசனாதிபதி’. செயலாளர் ‘காரியதரிசி’. அவர் பேசினால் ‘பிரசங்கம்’. கடைசியில் நன்றி சொன்னால் ‘வந்தனோபசாரம்’. தேர்தலில் நின்றவர் ‘அபேட்சகர்’. நூல் கடன் கேட்டு வாசலில் நிற்கும் நெசவாளிக்கு இந்தச் சொற்களில் ஒன்றாவது வீட்டில் புழங்கியதா? தலை, செயல், சொல், நன்றி, வேட்பு என்ற சொற்கள் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே தலைவர், செயலாளர், சொற்பொழிவு, நன்றியுரை, வேட்பாளர் என்று தனித்தமிழார் ஆக்கிக் கொடுத்தார்கள். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவன் தன் சங்கத்தின் அறிக்கையைத் தானே படித்துப் பொருள் கொள்ள முடிந்தது. தனித்தமிழுக்கு நான் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

1938இல் இரண்டு வழிகளும் மோதின. இராஜாஜி அப்போது சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை வந்தது. மறியல், சிறை, ஊர்வலம் என்று மாகாணமே கொந்தளித்தது. 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த கலைச்சொற் குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கதைகளைத் தனியே எழுதத்தான் வேண்டும். இங்கே ஒன்று மட்டும்: கட்டாய இந்தியை எதிர்த்துப் பாடுவதற்கென்றே 1937இல் ‘செந்தமிழ்க் காஞ்சி’ என்ற பாட்டு நூலைத் திருச்சியில் ஒரு பள்ளித் தமிழாசிரியர் எழுதியிருந்தார். அவர் பெயர் ஞா. தேவநேயன். அவர்தான் பாவாணர்.

அவருடைய வாழ்க்கை தொடக்கத்திலிருந்தே மேடு. 1902 பிப்ரவரி 7 அன்று பிறந்தார், ஊர் சங்கரன்கோவில். ஐந்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். ஆம்பூரில் அக்காள் வீட்டில் வளர்ந்து, கிறித்தவத் தொண்டர்களின் உதவியால் படித்தார். ஆசிரியர் வேலைக்கு ஊர் ஊராகப் போனார். திருச்சி ஈபர் பள்ளியில் பல ஆண்டு, சென்னை முத்தியாலுப்பேட்டையில் சிறிது காலம். இசையில் பயிற்சி உண்டு, கீர்த்தனங்கள் இயற்றியிருக்கிறார். 1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வந்தபோது, ஒரு பள்ளி ஆசிரியர் இவ்வளவு பெரிய கேள்வியில் கை வைக்கிறாரே என்று புலவர் உலகம் திரும்பிப் பார்த்தது.

1944இல் அவர் சேலம் நகராண்மைக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். இன்று அரசு கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். ஊர் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 27 அன்று நீதிக்கட்சி சேலத்தில் மாநாடு கூட்டித் தன் பெயரைத் ‘திராவிடர் கழகம்’ என்று மாற்றிக்கொண்டது. மேடைகளில் புதிய தமிழ் பிறந்துகொண்டிருந்த ஊருக்கு, அந்தத் தமிழின் வேரைத் தேடும் ஒருவர் வந்து சேர்ந்தார். முதுகலைப் பட்டம் அப்போது அவருக்கு இல்லை. கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர் அவருடைய புலமையை மதித்துத் துணை நின்றார். பாவாணர் முதுகலைத் தேர்வில் தேறியது 1952இல், ஐம்பது வயதில்.

அன்றைக்குக் குமாரபாளையம் சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோடு வட்டத்து ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானி கோயம்புத்தூர் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் சேலம், சேலத்தில் தமிழ் என்றால் பாவாணர் என்றிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் அவை.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தார். 1949இல் ‘சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்’, 1952இல் ‘பழந்தமிழாட்சி’, 1953இல் ‘முதற்றாய்மொழி’, 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’, 1956இல் ‘தமிழர் திருமணம்’. மாணவர்கள் பயன்கொண்ட ‘உயர்தரக் கட்டுரை இலக்கண’மும் இந்தக் காலத்தது. இந்தப் பட்டியலில் விளையாட்டு நூல் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். உலக மொழிகளின் தாய் எது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், அடுத்த ஆண்டே கிட்டிப்புள்ளையும் பல்லாங்குழியையும் எப்படி ஆடுவது, எத்தனை பேர், எந்த இடத்தில், தோற்றவன் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டவர் போல எழுதுகிறார். அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை அல்ல. தெருவில் விளையாடும் பிள்ளையின் வாயில்தான் பழைய சொல் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதற்கு அவர் காட்டிய சான்று ஒன்றைப் பார்ப்போம். தமிழன் பிஞ்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. மாம்பிஞ்சு வடு. பலாப்பிஞ்சு மூசு. எள்ளின் பிஞ்சு கவ்வை. வாழைப்பிஞ்சு கச்சல். தென்னை, பனைப் பிஞ்சு குரும்பை. பாக்கின் இளங்காய் நுழாய். இலையிலும் அப்படியே: வேம்புக்கும் மாவுக்கும் இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை. காய்ந்தால் சருகு. இவற்றில் எத்தனை சொல் புலவர் ஆக்கியவை? ஒன்றுகூட இல்லை. காட்டிலும் தோப்பிலும் நின்று, தினமும் இந்தப் பிஞ்சுகளைத் தொட்டவர்கள் ஆக்கியவை. சோழவளநாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் கொங்குக்கும் இவை சிறிது சிறிது மாறலாம். மாறும் இடங்களையும் குறித்துவைப்பது அகராதியின் கடமை என்றார் பாவாணர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியோடு அவர் மல்லுக்கு நின்றதும் இதனால்தான். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அதைப் போன்ற ஒரு உழைப்பை அதற்கு முன் தமிழ் கண்டதில்லை. அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தொடரை எழுதுகிறேன். பாவாணர் அதில் கண்ட குறைகள் இரண்டு. நாட்டுப்புறத்தில் உயிரோடு இருக்கும் தமிழ்ச் சொற்கள் நிறைய விட்டுப்போயிருக்கின்றன என்பது ஒன்று. தமிழ் வேரிலிருந்து பிறந்த சொற்களை வடமொழிச் சொற்கள் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்பது மற்றது. 1961இல் இந்தச் சீர்கேடுகளைத் தொகுத்துத் தனி நூலே வெளியிட்டார். இரண்டாவது குறையில் அவர் சொன்னவற்றுள் பலவற்றை இன்றும் அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முதல் குறை மறுக்க முடியாதது. தறிக்காரப் பெரியவர் எனக்குச் சொன்ன சொற்களை வீட்டுக்கு வந்து அகராதியில் தேடிப் பார்த்தபோது, சிலவற்றுக்கு அவர் சொன்ன பொருள் அங்கே இல்லை.

பெயர் விஷயத்திலும் அவர் தன் கணக்கில் பிசகவில்லை. ‘தேவநேசன்’ என்ற பெயரைத் ‘தேவநேயன்’ என்று ஆக்கிக்கொண்டார். ‘தேவ’ வடசொல் ஆயிற்றே என்று கேட்டவர்களுக்கு, தேய் என்ற வேரிலிருந்து தேய்வு, தேவு, தேவன் என்று சொல் வளர்ந்த வழியைக் காட்டினார். கட்டைகளைத் தேய்த்துப் பிறந்த தீயையே ஆதி மனிதன் முதலில் வணங்கினான் என்பது அவர் விளக்கம். ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். தன் பெயரைக்கூட வேர் பார்க்காமல் சுமக்க மாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது. 1955இல் சேலம் தமிழ்ப் பேரவை பெரியார் முன்னிலையில் அவருக்குத் ‘திராவிட மொழிநூல் ஞாயிறு’ என்ற பட்டம் கொடுத்தது.

வகுப்பறையில் அவர் விதைத்தது முளைத்த ஒரு வீட்டைச் சொல்லியாக வேண்டும். சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் என்ற ஊரில் 1933இல் பிறந்தவர் இராசமாணிக்கம். பள்ளியில் படிக்கும்போதே கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பையன். சேலம் கல்லூரியில் பாவாணரிடம் வந்து சேர்ந்தார். பிறகு அஞ்சல் துறையில் வேலை. புதுச்சேரியில் இருந்தபோது பாரதிதாசனின் அன்பைப் பெற்று, ‘கொய்யாக்கனி’ என்ற காவியத்தைப் பாவேந்தரின் அச்சகத்திலேயே அச்சிட்டார். 1959இல் கடலூரில் இருந்துகொண்டு ‘தென்மொழி’ இதழைத் தொடங்கினார். அரசு ஊழியர் என்பதால் புனைபெயர் தேவைப்பட்டது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டார்: பெருஞ்சித்திரனார். 1965 இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்றார். பாவாணருக்குப் பிறகு தனித்தமிழை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர் இவர்தான். ‘தென்மொழி’யில் கிரந்த எழுத்துக்கு இடம் இல்லை. அதைப் படித்த எத்தனையோ பேர் தங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார்கள். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குள் எழில், செழியன், மணிமொழி, பூங்குழலி என்று பெயர் இருந்தால், அந்த வீட்டில் ஒரு காலத்தில் இப்படி ஒரு இதழ் வந்திருக்கலாம்.

மாற்றம் எவ்வளவு ஆழமாகப் போனது என்று பார்க்க ஏட்டைப் புரட்ட வேண்டாம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்தவற்றில் மூத்தது மஞ்சள் பூசிய மெல்லிய தாள். மேலே ‘விவாஹ சுபமுஹூர்த்தப் பத்திரிகை’. மாப்பிள்ளை ‘சிரஞ்சீவி’, பெண் ‘சௌபாக்கியவதி’, வருகிறவர்கள் ‘இஷ்டமித்திர பந்துக்கள்’. ‘ஸ்ரீ’ இல்லாத பெயர் கிடையாது. அதற்கு அடுத்த தலைமுறையின் பத்திரிகையில் ‘திருமண அழைப்பிதழ்’. மாப்பிள்ளை ‘திருநிறைச்செல்வன்’, பெண் ‘திருநிறைச்செல்வி’. வருகிறவர்கள் ‘சுற்றமும் நட்பும்’. இரண்டுக்கும் நடுவில் இருபது ஆண்டு கூட இராது. இரண்டாவதை அச்சிட்டவர் எந்தக் கழகத்திலும் இல்லை. ஊரே அப்படி மாறியிருந்தது. 1967இல் ஆட்சிக்கு வந்த அரசு ‘ஸ்ரீ’யை எடுத்துவிட்டுத் ‘திரு’வை வைத்தது, கோட்டையின் பெயர்ப்பலகையில் ‘தலைமைச் செயலகம்’ என்று எழுதியது, அரசுச் சின்னத்தில் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. 1969 சனவரி 14 அன்று மாநிலத்துக்கே ‘தமிழ்நாடு’ என்று பெயர். கோட்டை வருவதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது என்பதை மறக்கக் கூடாது.

பாவாணரின் சொந்த வாழ்க்கை அப்படி மலரவில்லை. 1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை மொழியாராய்ச்சிக்கு அழைத்துக்கொண்டது. நிலையான வேலையையும் ஊரையும் விட்டுவிட்டு நம்பிப் போனார். அவருடைய கொள்கையை அங்கே இருந்த மொழியியலார் ஏற்கவில்லை. 1961இல் வெளியே வந்தார். அறுபது வயதை நெருங்கும் நேரத்தில் வேலை இல்லை. 1963இல் மனைவி நேசமணி அம்மையாரை இழந்தார். காட்டுப்பாடியில் இருந்துகொண்டு எழுதினார். நூல் அச்சிட அன்பர்களிடம் பணம் கேட்க வேண்டியிருந்தது. தனித்தமிழ் அகராதி ஒன்றை அவர் எழுதி முடிக்கத் ‘தென்மொழி’ அன்பர்கள் மாதந்தோறும் பணம் அனுப்பினார்கள். அவர்களுள் பலரும் சம்பளத்தை எண்ணிச் செலவிடுகிற ஆசிரியர்களும் எழுத்தர்களும்தாம். 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரை இயக்குநர் ஆக்கியது. அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. இருபது ஆண்டுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய வேலை.

இனி நான் உடன்படாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து எழுதினால் இது வரலாறு ஆகாது. கடலில் மூழ்கிய குமரிக் கண்டமே மாந்தன் பிறந்த இடம், உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்று அவர் நிறுவ முயன்றார். மொழியியலும் நிலவியலும் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. உலக மொழிகளுக்கு வேர் காட்டும் ஆர்வத்தில் ஓசை ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் வெகுதூரம் போன இடங்கள் உண்டு. தமிழின் பெருமைக்கு அது தேவையே இல்லை. எள்ளின் பிஞ்சுக்குத் தனிப் பெயர் வைத்த மொழிக்கு வேறு என்ன மகுடம் வேண்டும்?

இரண்டாவது, அவருக்குப் பின்னால் வந்த சிலரிடம் தூய்மை என்பது சொல்லுக்குச் சொல் மாற்றும் கணக்காகச் சுருங்கிவிட்டது. காப்பியைக் குளம்பி என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். பக்கத்துப் பாவடியில் தமிழ்ச் சொல் ஒன்று செத்துக்கொண்டிருப்பது அவர்கள் காதில் விழவில்லை. கலப்பாகப் பேசுகிறவனை இழிவாகப் பார்த்தவர்களும் உண்டு. அது பெரும் பிழை. மக்கள் நாக்குக்கு அதற்கென்று ஒரு இலக்கணம் இருக்கிறது. எங்கள் ஊரையே பாருங்கள். எழுத்தில் குமாரபாளையம். ‘குமார’ வடசொல். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது ‘கொமாரபாளையம்’தான். வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் ஓசைக்கு ஏற்ப எடுத்துக்கொள் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. அந்த விதியைப் படிக்காதவர்களின் நாக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜமக்காளத்தை எங்கள் பாட்டிமார் ‘சமக்காளம்’ என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்குத் தனித்தமிழ் இயக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அந்தச் சமக்காளத்தை வைத்தே இன்னொன்றும் சொல்லலாம். 1985இல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி ஒரு சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள். பிறகு அது பதினொன்றாகக் குறைந்தது. குறைந்த பட்டியலிலும் ஜமக்காளம் நிற்கிறது. விசைத்தறியில் அதை நெய்யக் கூடாது. வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த வேலி வேண்டும். அதை எடுத்துவிட்டால் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறவர் மறுநாளே எழுந்துவிட வேண்டியதுதான். தனித்தமிழார் போட்ட வேலியையும் நான் இந்த மாதிரிதான் பார்க்கிறேன். தமிழ் ஒன்றை மட்டுமே பிழைப்புக்கு வைத்திருந்தவர்களுக்கு அது இடம் காத்துக் கொடுத்தது. அந்த வேலி சில இடங்களில் தேவைக்கு மேல் உயரமாக எழும்பியது உண்மை. வேலியே வேண்டாம் என்பவர்கள் அதற்கு உள்ளே இருந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தம்தான் பெரிது. லுங்கியும் ரயானும் ஓடுகின்றன. பீம், பாபின், பிக்கர், டாபி என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்தப் பெயர்கள் இயந்திரத்தோடு வந்தவை. ஓட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எனக்குக் கவலை பழைய பெயர்களைப் பற்றித்தான். பாவடிகள் பல கட்டடங்களாகவும் வண்டி நிறுத்தும் இடங்களாகவும் ஆகிவிட்டன. பாவு போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அந்த வேலைக்கு உரிய சொற்கள் அவர்களுடைய வாயில் மட்டுமே இருக்கின்றன.

1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. பாவாணர் உடல் தளர்ந்த நிலையிலும் மேடையேறி நீண்ட நேரம் பேசினார். அதன் பிறகு நெஞ்சுவலி. சில நாளில் மதுரையிலேயே உயிர் பிரிந்தது. அகரமுதலியின் முதல் பகுதி அச்சாகி வந்தது 1985இல். அவர் கண்ணால் பார்க்கவில்லை. 31 பகுதிகளாக அது நிறைவெய்தியது 2011இல், அவர் மறைந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு.

அடுத்த இதழில் திருச்செங்கோட்டுப் பக்கம் போகிறோம். புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்தில் கதர் நூலோடு வந்த தமிழைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் குமாரபாளையம், பவானி, பள்ளிபாளையம், சங்ககிரி வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தறியில் உட்கார்ந்த பெரியவர் யாராவது இருந்தால், பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாவடியில் தொடங்கித் துணி மடிக்கும் வரை ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அவர் என்ன பேர் சொல்கிறாரோ, அவர் சொல்கிற ஓசையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதியதை இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள்.

(தொடரும்)